வற்றுவதற்கென்றே வெட்டிய குளத்துக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேட்டின் தமிழாக்கத்தை நான் ஒப்படைக்க வேண்டும். புதிய குடியிருப்பு மனைப்பிரிவுகளில் மழைநீரைச் சிறிது காலம் பிடித்துவைத்து மெல்ல வெளியேற்றும் குளங்களை எப்படி வடிவமைப்பது, அங்கே குடியிருப்போர் அவற்றை எப்படிப் பேணுவது என்பதே அதன் பொருள். முதல் பக்கத்திலேயே இரண்டு சொற்கள் வழிமறிக்கின்றன: டிடென்ஷன் பாண்ட், ரிடென்ஷன் பாண்ட். முன்னது மழையில் நிரம்பி, ஓரிரு நாளில் முழுவதும் வடிந்து, அடுத்த மழைவரை வெறுந்தரையாகக் கிடப்பது. பின்னதில் ஆண்டு முழுவதும் ஒரு மட்டம்வரை நீர் நிற்கும். மழைநீர் அதன்மேல் ஏறி இறங்கும். இப்போதைக்குத் 'தடுப்புக் குளம்', 'தக்கவைப்புக் குளம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டையும் வாசித்த என் தங்கை, இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டுவிட்டாள். உதவுங்கள்.

நீரியல் பொறியாளர் எழுதியது:

வணக்கம் அம்மா. தங்கள் தங்கையின் கேள்வி நியாயமானது. மண்ணும் புல்லுமாக இருந்த நிலத்தில் கூரையும் சாலையும் வந்துவிட்டால், நிலத்துக்குள் இறங்க வேண்டிய நீர் மேலேயே ஓடி, முன்பைவிட மிகுதியாகவும் விரைவாகவும் ஓடையைச் சேர்கிறது. 1 ஹெக்டேர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 500 கனமீட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர். அந்த நீரை இல்லாமல் செய்வது இக்குளத்தின் வேலையன்று. அதை நெடுநேரத்துக்குப் பரப்பி, உச்ச ஓட்டத்தை வீடுகள் வருவதற்கு முன்பிருந்த அளவுக்கு இறக்குவதுதான் வேலை. ஆகையால் நீர் வரும் வாய் பெரிதாகவும் போகும் துளை சிறிதாகவும் வைக்கப்படுகின்றன; பெரும்பாலும் 24 முதல் 72 மணிநேரத்துக்குள் வடியும்படி துளையின் அளவு கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் நின்றால் அடுத்த மழைக்கு இடம் இருக்காது. ஒரு வாரம், பத்து நாள் தேங்கிவிட்டால் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும்.

பெயர் தவறினால் என்ன நேரும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் ஆலோசகராக இருந்த ஒரு வளாகத்தில், வரைபடத்திலும் பலகையிலும் 'குளம்' என்று மட்டுமே எழுதியிருந்தது. குளம் என்றால் தண்ணீர் இருக்க வேண்டும் என்று குடியிருப்போர் எண்ணினார்கள். அழகாக இருக்கட்டும் என்று வெளியேற்றும் துளையில் மண்மூட்டைகளை அடைத்துவிட்டார்கள். அடுத்த பெருமழை ஏற்கெனவே நிரம்பியிருந்த குளத்தின்மேல் பெய்தது. நீர் கரையைத் தாண்டித் தெருவுக்குள் வந்தது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காலியாக இருப்பதுதான் அதன் சரியான நிலை என்பதைப் பெயரே சொல்லியிருக்க வேண்டும். 'தடுப்பு' அதைச் சொல்லவில்லை. தடுப்பணையைப் போல நீர் போகக் கூடாது என்ற எண்ணத்தையே வளர்க்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

பொறியாளர் ஐயாவின் மடல் மிகுந்த பயனுடையது. எனினும் 'தடுப்பு' என்பதை இவ்வளவு விரைவாகத் தள்ளிவிட வேண்டா. நீரைத் தடுத்து நிறுத்துதல் நம் மொழியில் பழம்பெருமை உடைய வினை. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்ன புறநானூற்று 18ஆம் பாட்டில், 'நிலன்நெளி மருங்கின் நீர்நிலை பெருகத் தட்டோர் அம்ம இவண்தட் டோரே' என்கிறார். தட்டோர் என்றால் தளைத்தோர். பள்ளமான இடத்தில் நீரைக் கட்டி நிறுத்தியவர். அதன் பகுதி 'தள்'. தளை என்னும் பெயரும் அதன்வழி வந்ததே. தடு, தடை ஆகியவையும் அவ்வேரின் கிளைகள் என்பதே என் துணிபு. ஆகவே இலக்கியச் சான்றுடன் 'தட்குளம்' என ஒரு சொல்லை ஆக்கிக்கொள்ளலாம்.

அது கடினம் என்போர்க்கு இன்னொன்று சொல்கிறேன். ஏந்தல், தாங்கல் என்று நீர்நிலைகளுக்கு இரண்டு பெயர்கள் வழங்கி வந்திருக்கின்றன. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் தாங்கல் இன்றும் உயிரோடு இருக்கிறது. வருகிற வெள்ளத்தைக் கையில் ஏந்துவது ஏந்தல், தாங்கிக்கொள்வது தாங்கல். தங்கு என்பது நீண்டு தாங்கு ஆயிற்று எனக் கொண்டால், சிறிது காலம் தங்கச் செய்வது என்னும் பொருளும் உள்ளடங்குகிறது. இருக்கும் சொல்லைத் தூசு தட்டி எடுப்பது, புதிதாக ஒன்றைச் சமைப்பதைவிட மேலானது அல்லவா? அவ்வாறே, குளத்தின் நடுவே நிற்கும் வெளியேற்றுக் குழாய்க்கும் தாங்கள் சொல் தேட வேண்டியதில்லை. ஏரிக்குள்ளேயே இரு கல்தூண்களுக்கு இடையே மூடியைத் தூக்கி நீர்விடும் குமிழித்தூம்பு நம்மிடம் இருந்தது. 'தூம்பு' என்றே எழுதலாம். கரையைப் பற்றிய பகுதிக்கு வரும்போது, கபிலர் எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையையுடைய சிறுகுளம் உடைவதைப் பாடிய புறநானூற்று 118ஆம் பாட்டையும் நினைவிற்கொள்ள வேண்டுகிறேன். காவல் இல்லாத கரைக்கு என்ன நேரும் என்பதை அதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை.

தொழிற்கல்லூரி ஆசிரியர் எழுதியது:

புலவர் ஐயா, தங்கள் மடல்களால்தான் நான் இக்குழுவில் இருக்கிறேன். ஆனாலும் முப்பது மாணவர்களுக்கு முன்னால் கரும்பலகையில் 'தட்குளம்' என்று எழுதினால், அதைத் 'தடகளம்' என்று வாசிக்கப் பத்துப் பேர் இருப்பார்கள். 'தடுப்பு' என்றாலோ அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தடுப்புக் காவல். தாங்கல் அழகிய சொல். ஆனால் தாங்கல்கள் பாசனத்துக்காகப் பருவம் முழுவதும் நீரைச் சேமித்தவை. மூன்று நாளில் காலியாக வேண்டிய ஒன்றுக்கு அப்பெயரை இட்டால், பொறியாளர் சொன்ன மண்மூட்டைக் கதையை நாமே மறுபடி எழுதியவர்கள் ஆவோம்.

சொற்பிறப்பிலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. தேங்கு–தேக்கு, அடங்கு–அடக்கு, ஒதுங்கு–ஒதுக்கு என்று தன்வினையின் மெல்லினம் பிறவினையில் வல்லினமாவதுதான் வழக்கமான நெறி. அவ்வழியில் தங்கு என்பதற்கு இணை தாங்கு ஆகாது.

ஒன்றை மட்டும் தங்கள் பாணியிலேயே சேர்க்கிறேன். 'ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை' என்பது 478ஆம் குறள். வருவாயைப் பற்றிய அக்குறளில் வரும் வழிக்கு ஆகாறு, போகும் வழிக்குப் போகாறு என இரு சொற்கள் ஆயத்தமாக நிற்கின்றன. இக்குளத்திலோ ஆகாறு அகன்றும் போகாறு அகலாமலும் இருப்பதே வடிவமைப்பு. வகுப்பில் இதைச் சொன்ன நாளில் ஒரு மாணவர்கூட இரண்டு வாய்களின் அளவையும் மாற்றி வரையவில்லை.

ஈழத்து வாசகர் எழுதியது:

வணக்கம். இதுவரை எழுதியவர்கள் ஒருபக்கத்து வழக்கை மட்டும் கொண்டு பேசுவதாக எனக்குப் படுகிறது. தாங்கல், ஏந்தல், கண்மாய் ஆகிய எவையும் எங்கள் பேச்சில் இல்லை. பெரிய நீர்த்தேக்கத்தையும் நாங்கள் குளம் என்றே சொல்வோம். மிகுநீர் வழிந்தோடும் இடத்தைத் தாங்கள் கலிங்கு என்று எழுதப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கு அது வான். குளம் வான் பாய்கிறது என்றால் சிறுபிள்ளைக்கும் விளங்கும். கையேடு எல்லாத் தமிழரையும் சென்றடைய வேண்டுமானால், இரு வழக்கினர்க்கும் பொதுவான வினைச்சொல்லிலிருந்து பெயரை ஆக்குங்கள். நீர் வடிகிறது, நீர் நிற்கிறது, இவை எங்கும் ஒன்றுதான்.

நீரியல் பொறியாளர் எழுதியது:

ஈழத்து நண்பர் வழி காட்டிவிட்டார். முன்னதை 'வடிகுளம்' என்றும் பின்னதை 'நிலைகுளம்' என்றும் சொன்னால் என்ன? ஒன்றில் நீர் வடிந்துவிடும், மற்றதில் நிலைத்திருக்கும். வடிகால் என்ற சொல்லை அறிந்த எவருக்கும் வடிகுளம் விளங்கும். அதன் துளையை அடைக்க வருபவரின் கை, பெயரைக் கேட்டே ஒரு கணமாவது தயங்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

ஓசை நன்று. ஆனால் வடிவது நீரேயன்றிக் குளம் அன்று. வடிந்த குளம், வடிகின்ற குளம், வடியும் குளம் என வினைத்தொகையை விரித்தால் குளமே வடிந்தோடுவதாகப் பொருள்படவில்லையா? மேலும் வடித்தல் என்பது சோற்றை வடித்தல், சிலையை வடித்தல் எனப் பிறவினையாகவும் வருமே? இந்த இரட்டைத் தன்மை கலைச்சொல்லுக்குக் குற்றம்.

தொழிற்கல்லூரி ஆசிரியர் எழுதியது:

ஐயா, தாங்கள் கற்பித்த இலக்கணத்தைக் கொண்டே விடை சொல்ல முயல்கிறேன். பெயரெச்சம் செய்பவனை மட்டுமன்றிக் கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகியவற்றையும் கொண்டு முடியும் என்று நன்னூல் இடம் தருகிறது. உறைவிடம் என்றால் இடம் உறைவதில்லை. அங்கே மனிதர் உறைகிறார்கள். அதுபோல் நீர் வடியும் இடமாகிய குளம் வடிகுளம். பிறவினையாகக் கொண்டாலும் நீரை வடிக்கும் குளம் என்று பொருந்தவே செய்கிறது. இடையில் ககர ஒற்று மட்டும் போடாதீர்கள்; வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அச்சில் 'வடிக்குளம்' என்று வந்துவிட்டால் அதை நீக்க ஒரு தலைமுறை ஆகும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவர்க்கும் நன்றி. நாளை மறுநாள் வெள்ளி. இதற்கு மேல் காத்திருக்க இயலாத நிலையில், வடிகுளம், நிலைகுளம் என்னும் இணையை எடுத்துக்கொள்கிறேன். நால்வரில் மூவர் ஏற்றிருக்கிறீர்கள். புலவர் ஐயா ஏற்கவில்லை என்பதை அறிவேன். சொற்கள் வாக்கியத்தில் எப்படி அமர்கின்றன என்று பார்க்க, பராமரிப்பு அத்தியாயத்தின் ஒரு பத்தியை இங்கே இடுகிறேன்:

'மழை இல்லாத நாளில் வடிகுளம் காலியாக இருக்க வேண்டும். மழை நின்று மூன்று நாளுக்குப் பின்னும் நீர் நின்றால் போக்குத்துளை அடைபட்டிருக்கலாம். முதலில் அதன் முன்னுள்ள குப்பைக் கம்பிகளைப் பாருங்கள். நீர் நுழையும் இடத்திலுள்ள வண்டல் குழி பாதி நிரம்பியதும் தூர் வாருங்கள். அங்கே வாராவிட்டால் வண்டல் முழுக் குளத்திலும் பரவி, கொள்ளளவைத் தின்றுவிடும். கரையின் சரிவு, உயரம் ஒன்றுக்குக் கிடை மூன்று என்ற அளவைவிடச் செங்குத்தாக இருக்க வேண்டாம். புல் வெட்டுவோரும், தவறி இறங்கிய குழந்தையும் எளிதில் ஏறி வர வேண்டும். கரையில் புல் வளர்க்கலாம், மரம் வளர்க்கக் கூடாது. மரம் பட்டுப்போனால் அழுகும் வேர் நீருக்கு வழிவிடும். எலி வளைகளையும் உடனே அடைக்க வேண்டும்.'

'தூர் வாருங்கள்' என்பதை எழுதும்போது ஒரு நிறைவு தோன்றியது; அதற்கு மட்டும் நான் எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. ஆகாறும் போகாறும் என் மனத்தைக் கவர்ந்தன, ஆனால் குடியிருப்போர் கையில் வைத்து வாசிக்கும் நூலில் அவை நிற்கா என்று அஞ்சி, வரத்து வாய், போக்குத்துளை என்று எழுதியிருக்கிறேன். தூம்பையும் அதே அச்சத்தால் விட்டுவிட்டு, 'நிற்கும் குழாய்' என்றே வைத்துக்கொண்டேன். கலிங்கா வானா என்பதில் முடிவுக்கு வர முடியவில்லை. முதல் இடத்தில் 'மிகைநீர் வழி' என்று எழுதி, கலிங்கு என்றும் வான் என்றும் வழங்கும் என ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

நீரியல் பொறியாளர் எழுதியது:

பத்தி தெளிவாக இருக்கிறது. ஒரு திருத்தம்: நான்காம் அத்தியாயத்தில் மூன்றாவது வகை ஒன்று வரும். அதில் நீர் வெளியேறுவதும் இல்லை, நிற்பதும் இல்லை; அடிமண் வழியாக நிலத்துக்குள் இறங்கிவிடும். அதையும் வடிகுளம் என்று எழுதிவிடாதீர்கள். 'ஊறுகுளம்' என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் கிணற்றில் நீர் ஊறுவது கீழிருந்து மேலே வருவதாயிற்றே என்று உடனே தயக்கமும் வருகிறது. புலவர் ஐயா சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

ஊறுதல் இரு திசைக்கும் உரியது. எண்ணெய் தலையில் ஊறுகிறது, நீர் கிணற்றில் ஊறுகிறது. ஆயினும் நிலம் நீரை உண்பதால் 'உண்குளம்' ஆகுமா என்றும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். குளமே நீரை உண்பதாகவும் பொருள் கொள்ள இடமிருப்பதால் இன்று இரவு அகராதிகளைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வடிகுளத்தைப் பெரும்பான்மை ஏற்றது. கையேட்டில் அதுவே இருக்கட்டும். தாங்கலை நான் கைவிடவில்லை. அம்மையார் பின்னிணைப்பில், 'தாங்கல் எனலும் ஆம்' என்று ஐந்து சொல்லுக்கு மிகாமல் ஒரு குறிப்பு இட்டால் போதும்.