டிஸ்க்: கடைசி எழுத்து கே-யா, சி-யா?

கையேடு_திருத்தி:

ஒரு மென்பொருளின் ஆங்கிலக் கையேட்டைப் பிழைதிருத்தும் வேலை கைக்கு வந்திருக்கிறது. பல பேர் எழுதி ஒட்டவைத்தது போல, ஒரே பக்கத்தில் ஹார்டு டிஸ்க்குக்குக் கடைசி எழுத்து கே, நாலு வரி தள்ளி அதே ஹார்டு டிஸ்க்குக்கு சி. காம்பாக்ட் டிஸ்க்கிலும் இதே கூத்துதான். தேடிப் பார்த்தால், கே அமெரிக்காவில் எழுதுவது, சி பிரிட்டனில் எழுதுவது, அவ்வளவுதான் என்று ஒரு கட்சி. அதெல்லாம் கிடையாது, காந்தத்தில் பதிவது கே, லேசரில் படிப்பது சி என்று இன்னொரு கட்சி. எதை நம்பித் திருத்துவது?

அப்படியே இன்னொரு சந்தேகம். பைட் என்பதில் ஐ வரவேண்டிய இடத்தில் ஏன் ஒய் இருக்கிறது? எட்டெட்டாக என்று பொருள்படும் ‘பை எய்ட்’ என்பதைச் சுருக்கியதால் வந்தது என்று எங்கோ படித்தேன். நம்பலாமா?

பழைய_நாடா:

இரண்டு கட்சியும் பாதி சரி. வேர் ஒன்றுதான். கிரேக்கத்தில் டிஸ்கோஸ், அதாவது எறிகிற வட்டு. அது லத்தீனில் டிஸ்கஸ் ஆகி ஆங்கிலத்துக்குள் பல வாசல் வழியாக நுழைந்தது (தட்டைக் குறிக்கும் டிஷ், மேசையைக் குறிக்கும் டெஸ்க் இரண்டும் இதன் பங்காளிகள்). ஆங்கிலத்தில் முதலில் வந்தது கே-தான், 17ஆம் நூற்றாண்டிலேயே. லத்தீனைப் பார்த்து சி போடுவது அதற்குப் பின்னால் வந்த பழக்கம். ஆகவே கே என்பது அமெரிக்கர்கள் கெடுத்துவைத்த எழுத்து என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கணினிக்குள் வந்த கதை தனி. 1956இல் ஐபிஎம் தன் ராமாக் கணினியோடு 350 என்ற சேமிப்புப் பெட்டியைக் கொண்டுவந்தது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள் அடுக்காகச் சுழலும், மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அமெரிக்க நிறுவனம், அதனால் கே போட்டார்கள். பின்னால் வந்த ஃபிளாப்பி, டிஸ்கெட், ஹார்டு டிஸ்க் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். சிடி வேறு வீட்டிலிருந்து வந்தது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து பாட்டு கேட்பதற்காகச் செய்து 1982இல் கடைக்கு வந்த பொருள் அது. இசைத்தட்டு உலகில் சி ஏற்கெனவே வேரூன்றியிருந்தது, டிஸ்க் ஜாக்கியை நினைத்துப் பாருங்கள். சிடி உறையில் இருக்கும் முத்திரையிலும் சி-தான். அப்புறம் வந்த டிவிடியும் புளூ-ரேயும் அதையே எடுத்துக்கொண்டன.

இனிஷியல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: ஆள் எப்படிப்பட்டவர் என்று அது சொல்லாது, அப்பா யார் என்று சொல்லும். காந்தம், லேசர் என்ற விதியெல்லாம் பிற்பாடு இதைப் பார்த்து வகுத்தது. ஆனாலும் உங்கள் வேலைக்கு அந்த விதி போதும்.

எட்டுபிட்_பிரியன்:

போதாது :) பிரிட்டனில் 80களில் பிபிசி மைக்ரோ என்றொரு கணினி இருந்தது, ஏக்கார்ன் நிறுவனம் செய்தது. அதில் கோப்புகளைக் கையாளும் டிஎஃப்எஸ் என்பதன் விரிவு டிஸ்க் ஃபைலிங் சிஸ்டம், அங்கே டிஸ்க்குக்கு சி. உள்ளே செருகுவதோ சுத்தமான காந்த ஃபிளாப்பி. ஆக அமெரிக்கா–பிரிட்டன் கட்சியும் சும்மா கிளம்பியதில்லை.

இன்னும் குழப்பவேண்டுமென்றால் சோனி 1992இல் விட்ட மினிடிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பதிவுசெய்கிற வகையில் லேசர் ஒரு புள்ளியைச் சூடாக்கும், அந்தச் சூட்டிலேயே காந்தத் தலை எழுதும், திரும்பப் படிப்பது லேசர். எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்? பெயரில் இருப்பது சி. அதுவும் பாட்டுக்காக வந்த பொருள்தானே, நாடா சொன்ன இனிஷியல் கணக்கு இங்கேயும் சரியாக வருகிறது.

புளூ-ரேயையும் ஒரு கண் பாருங்கள். நீலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வரும் இ அதில் கிடையாது. பொதுச்சொல்லை அப்படியே வணிகக்குறியாகப் பதிவது கஷ்டம் என்பதால் வேண்டுமென்றே விட்டது. உங்களுக்கு முன்னால் எந்தப் புண்ணியவானாவது அதைத் ‘திருத்தி’ வைத்திருக்கக்கூடும்.

கொறிப்பான்:

பைட்டுக்கு வருகிறேன். பை எய்ட் கதை பொய், யாரோ பின்னால் ஜோடித்தது. ஐபிஎம்மில் ஸ்ட்ரெட்ச் கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது 1956இல் வெர்னர் புக்ஹோல்ஸ் போட்ட பெயர் அது. கடி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான், ஒரு வாய்க்கு எவ்வளவு பிட் (கணினியின் ஒற்றை 0 அல்லது 1) என்ற நினைப்பில். அதை அப்படியே ஐ போட்டு எழுதினால், அவசரத்தில் கடைசி இ விழுந்தாலே பிட் என்றாகிவிடும், வரைபடத்தில் ஒரு எழுத்து போனால் கணக்கே மாறிப்போகும். அதனால் ஒய். இன்னொன்று, அவர்கள் பெயர் வைத்தபோது பைட் என்றால் எட்டு பிட் என்று முடிவாகவே இல்லை, ஆறு பிட் வரை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் தொடங்கினார்கள், பிறகுதான் எட்டுக்கு வந்தார்கள். அப்படியிருக்க பெயருக்குள் எட்டு எங்கிருந்து வரும்?

பாதி பைட்டுக்கு நிபிள், அதாவது கொறிப்பது. அதையும் சிலர் பைட்டைப் பார்த்து ஒய் போட்டு எழுதுவார்கள். (என் பெயர்க்காரணம் இதுதான், வேறு எதுவும் நினைக்கவேண்டாம்.)

எழுத்தைவிட மோசமான இடம் மெகா. மூன்றரை அங்குல ஃபிளாப்பியில் 1.44 எம்பி என்று போட்டிருக்கும். ஒரு பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 செக்டர் (தடத்தின் ஒரு துண்டு), செக்டருக்கு 512 பைட், பக்கம் இரண்டு. பெருக்கினால் 14,74,560 பைட். மெகா என்பது பத்து லட்சமென்றால் இது 1.47. இல்லை, 1024 தடவை 1024 என்றால் 1.41. அப்புறம் 1.44 எங்கிருந்து வந்தது? 1024ஐ ஆயிரத்தால் பெருக்கிய ஒரு கலப்பட மெகாவிலிருந்து! இந்த அலங்கோலத்தைத் தீர்க்க 1998இல் மின்துறைக்குத் தரம் வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐஇசி 1024 கணக்குக்கு மட்டும் கிபிபைட், மெபிபைட் என்று தனிப்பெயர் கொடுத்தது. வாயில் நுழையாத பெயர்கள் என்பதால் பாதிப் பேர் சீந்தவில்லை. இன்றைக்கும் ஆயிரம் கணக்கில் விற்கும் 1 டெராபைட் டிரைவை விண்டோஸ் 1024 கணக்கில் 931 ஜிபி என்று காட்டும். வாங்கியவர் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவார். கையேட்டில் கொள்ளளவு வருகிற இடங்களில் எந்தக் கணக்கு என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பெரிய பி என்றால் பைட், சின்ன பி என்றால் பிட் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் தப்பினால் எட்டு மடங்கு போச்சு.

சும்மா_வந்தவள்:

தமிழில் எழுதினால் இந்த வம்பே இல்லை. ஹார்டு டிஸ்க் வன்வட்டு, ஃபிளாப்பி நெகிழ்வட்டு, சிடி குறுவட்டு, ஈழத்தில் இறுவட்டு. எல்லாம் வட்டு. பேச்சுவாக்கில் எழுதுகிறவர்கள் டிஸ்க், டிஸ்கு, ஹார்ட்டிஸ்க், ஹார்டு டிஸ்க் என்று ஆளுக்கொரு விதம், அதை எடுத்தால் இன்னொரு இழை ஓடும், விட்டுவிடலாம்.

வேர் பற்றிப் பேசுவதால் ஒன்று. ஃபைல் என்பதற்கு லத்தீன் வேர் ஃபிலும், அதாவது நூல், காகிதங்களை நூலில் கோத்துவைத்த பழக்கத்திலிருந்து வந்தது. நம்மிடமும் தைப்பது நூல், படிப்பதும் நூல். இரண்டும் தனித்தனி வழி, ஆனாலும் முதலில் பார்த்தபோது எனக்கு ஒரே குஷி.

கையேடு_திருத்தி:

அருமை, எல்லோருக்கும் நன்றி. ஃபிளாப்பி, ஹார்டு டிஸ்க் எல்லாவற்றுக்கும் கே, சிடி டிவிடி வகையறாவுக்கு சி என்று வைத்துக்கொள்கிறேன். சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியை (சாலிட் ஸ்டேட் டிரைவ்) என்ன செய்வது? எழுதியவர்கள் அதையும் பல இடங்களில் டிஸ்க் என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள், உள்ளே சுழலுகிற வட்டு எதுவும் இல்லையே.

பழைய_நாடா:

அதில் கடைசி டி டிரைவைக் குறிக்கிறது, ஆகவே நீங்கள் எழுதும் வாக்கியங்களில் டிரைவ் என்று போட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் லினக்ஸில் சேமிப்புக் கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அடித்துப் பாருங்கள், எஸ்எஸ்டிக்கு நேரே, ஏன், சாதாரண பென் டிரைவுக்கு நேரேகூட, வகை என்ற பத்தியில் டிஸ்க் என்றுதான் வரும், கே போட்டு. திரையில் வருவதையும் கட்டளைப் பெயர்களையும் அப்படியே விட்டுவிடுங்கள். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையை சி போட்டுத் திருத்திக் கொடுத்தால், கையேட்டைப் பார்த்து அடிக்கிறவருக்குக் கட்டளை ஓடாது.

எட்டுபிட்_பிரியன்:

முக்கியமானது: சி-யை எல்லாம் கே ஆக்குகிறேன் என்று மொத்தமாகத் தேடி மாற்றும் பொத்தானை அமுக்கிவிடாதீர்கள். டிஸ்கனெக்ட், டிஸ்கவர், டிஸ்கார்டு எல்லாவற்றிலும் கே ஏறி உட்கார்ந்துகொள்ளும். முழுச்சொல் மட்டும் என்ற பெட்டியில் டிக் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்.