லிம்போமா நோயாளி, பி.சி.ஆர். நெகட்டிவ், சி.டி.யில் கோராட்ஸ் 4: கொரோனா என்று எழுதலாமா?

கட்டபெட்டு டூட்டி:

மலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி பார்க்கிற யாருக்கும் என்றாவது வரக்கூடிய கேஸ்தான், அதனால் பொதுவாகவே கேட்கிறேன். 58 வயது, 60 கிலோ, பி-செல் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்). கோவையில் ஆர்-சாப் (லிம்போமாவுக்கான கூட்டு கீமோ) நாலாவது சைக்கிள் முடிந்து இன்றைக்கு 11-ஆம் நாள், வீடு கோத்தகிரி பக்கம். இரண்டு நாளாகக் காய்ச்சல், வறட்டு இருமல், மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. காய்ச்சல் 38.6, ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 92. ஆன்டிஜென், ஆர்.டி.பி.சி.ஆர். இரண்டும் நெகட்டிவ். சி.டி. ரிப்போர்ட்டில் இரண்டு பக்கமும் கிரவுண்ட் கிளாஸ் (மங்கலான நிழல்), கோராட்ஸ் 4 (படத்தில் கொரோனா சந்தேகம் எவ்வளவு என்கிற அளவுகோல்; 4 என்றால் அதிகம்), ஸ்கோர் 9/25.

"சி.டி.யில்தான் தெரியுதே, கொரோனான்னு போட்டு டெக்ஸா (டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு) ஆரம்பிங்க" என்பது 2021-ல் எல்லோர் வாயிலும் இருந்தது. கீமோவில் இருக்கிறவருக்கும் அது செல்லுமா? 92-ஐ எப்படி எடுத்துக்கொள்வது?

தேயிலைத்தூள்:

கவுண்ட் (ரத்த அணு எண்ணிக்கை) எங்கே டாக்டர்? ஆர்-சாப்பில் 10-லிருந்து 14-ஆம் நாள் வரைக்கும்தான் நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) அடிமட்டத்துக்குப் போகும். 38.3-க்கு மேல் காய்ச்சல், நியூட்ரோபில் 500-க்குக் கீழே என்றால் கொரோனாவா இல்லையா என்கிற பேச்சே அப்புறம். இரண்டு செட் பிளட் கல்ச்சர் எடுத்துட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் முதல் டோஸ் (பைப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம், இல்லைன்னா செஃபிபைம் 2 கிராம்) ஏறியிருக்கணும். கவுண்ட் ரிசல்ட் வர லேட் ஆகும்னா அதுக்கும் காத்திருக்க வேண்டாம், 11-ஆம் நாள் என்பதே போதும். சி.டி.க்கு அனுப்பி, படம் வந்து, ரிப்போர்ட் வந்து, பிறகு மருந்து என்கிற வரிசையில்தான் ஆள் போய்விடுகிறார்.

லங் விண்டோ:

தேயிலைத்தூள் சொன்னது முடிந்த பிறகு படத்துக்கு வருவோம்.

கோராட்ஸ் 2020-ல் நெதர்லாந்து கதிரியக்க மருத்துவர்கள் உருவாக்கியது. கொரோனா ஊரெல்லாம் பரவியிருந்த நேரத்துக்கான அளவுகோல். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது மாறினால் அதே 4-க்குப் பொருள் மாறிவிடும். கணக்குக்காக, சி.டி. 100 நோயாளியில் 90 பேரைப் பிடிக்கிறது, நோயில்லாத 100 பேரில் 20 பேரைத் தவறாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கொரோனா இருந்தால், பாசிட்டிவ் படத்தில் 82 சதவீதம் உண்மை. 1000 பேரில் 20 பேருக்கு மட்டும் இருந்தால் 18 பேரைச் சரியாகவும் 196 பேரைத் தவறாகவும் காட்டும். உண்மை 8 சதவீதம்தான். புற்றுநோயாளிகளில் அந்தத் தவறு இன்னும் கூடும், ஏனென்றால் கண்ணாடியில் பனி படிந்த மாதிரி நிழலைத் தரும் காரணங்கள் அவர்களிடம் வரிசை கட்டி நிற்கின்றன.

இந்த நோயாளிக்கு முதலில் நினைக்க வேண்டியது நியூமோசிஸ்டிஸ் (எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலைத் தாக்கும் கிருமி). ஆர்-சாப்பில் உள்ள ரிட்டுக்ஸிமாப் (எதிர்ப்புச் சக்தி தரும் பி-செல்களை அழிப்பது), கூடவே ஒவ்வொரு சைக்கிளிலும் 5 நாள் பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு 100 மி.கி.; அதற்கு ஏற்ற நிலம். கொரோனா பெரும்பாலும் ஓரத்தில், ப்ளூராவை (நுரையீரல் உறை) ஒட்டி, நுரையீரலின் கீழ் மடல்களில் (பகுதிகள்), துண்டு துண்டாக இருக்கும். நியூமோசிஸ்டிஸ் நடுவிலும் மேலேயும் பரவலாக இருந்து, ஓரத்தை ஒரு மெல்லிய பட்டையாக விட்டுவைக்கும். எப்போதும் அப்படித்தான் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் ரிப்போர்ட்டில் "இரண்டு பக்கமும்" என்று மட்டும் இருந்தால் போதாது. ஓரமா நடுவா என்று ரேடியாலஜிஸ்ட்டைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

மார்பில் கதிர்வீச்சு வாங்கியிருந்தால் 4 முதல் 12 வாரத்தில் வரும் நிழல் மடல் எல்லையை மதிக்காது, ஸ்கேல் வைத்து வெட்டின மாதிரி கதிர் பட்ட பரப்போடு நிற்கும். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் (எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புற்றுநோய் மருந்துகள்) வாங்கும் நோயாளிகளின் நிமோனைட்டிஸ் (மருந்தால் வரும் நுரையீரல் அழற்சி) கொரோனாவோடு அச்சு அசலாக ஒத்துப்போகும். அங்கே படம் கைவிட்டுவிடும், மருந்துத் தேதிதான் பேசும். முடிச்சும் அதைச் சுற்றி வளையமும் இருந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் என்கிற பூஞ்சை. மேல் மடலில் குழியும் மொட்டுவிட்ட கிளை போன்ற கோடுகளும் இருந்தால் சளியில் காசநோய் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அறிகுறி தொடங்கிய முதல் இரண்டு நாளில் கொரோனா நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு சி.டி. சுத்தமாக இருக்கலாம். நியூட்ரோபில் கவுண்ட் விழுந்தவருக்கு அழற்சியே மந்தமாக இருப்பதால் நிழல் குறைவாகத் தெரியலாம். அதனால் சுத்தமான சி.டி.யைக் காட்டி "கொரோனா இல்லை, கீமோ வார்டில் படுக்க வையுங்கள்" என்பதும் தப்பு. சி.டி.யை முதல் பரிசோதனையாக வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது.

9/25 பற்றி ஒரு வார்த்தை. ஐந்து மடல், ஒவ்வொன்றுக்கும் 5. பரப்பைத்தான் அது அளக்கிறது, காரணத்தை இல்லை. ஒரு மடல் வெட்டியெடுத்தவருக்கு மொத்தமே 20தான். நீர் கோத்து அமுங்கிய கீழ் மடலையும் சேர்த்து எண்ணி ஸ்கோரை ஏற்றிவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

ஸ்லைஸ் 16:

படம் சரியா எடுத்ததான்னு யாருமே பார்க்கறதில்ல சார். இருமிட்டே இருக்கிறவர் மூச்சை முழுசா இழுக்காம பாதியில விட்டுட்டார்னா, நுரையீரல் பூரா மங்கலாகி கிரவுண்ட் கிளாஸ் மாதிரியே தெரியும். கண்டுபிடிக்க வழி: மூச்சுக்குழாயோட பின்சுவரைப் பாருங்க. அது முன்னாடி வளைஞ்சு உள்ள வந்திருந்தா மூச்சு விட்ட நேரத்துல எடுத்த படம். அந்த ரிப்போர்ட்டை நம்பாதீங்க.

மூச்சு வாங்குறவங்களுக்குக் கீழே இருந்து மேலே ஸ்கேன் பண்ணணும். அடிப்பகுதிதான் மூச்சோட சேர்ந்து அதிகம் ஆடும், அது முதல்லயே முடிஞ்சுடும். முதுகுப்பக்கம் மட்டும் மங்கலா இருந்தா குப்புறப் படுக்க வச்சு நாலு ஸ்லைஸ் எடுத்தாப் போதும். அமுங்கினதா இருந்தா மறைஞ்சுடும், நோயா இருந்தா அப்படியே நிக்கும். காண்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயைக் காட்ட ஏத்துற மருந்து) வேண்டாம், 1 மி.மீ. ஸ்லைஸ், கதிர்வீச்சு லோ டோஸ். திடீர்னு மூச்சு முட்டினா, ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தா அப்போதான் காண்ட்ராஸ்ட் போட்டு ரத்தக்கட்டி தேடணும். டி-டைமர் (ரத்தக்கட்டிக்கான ரத்தப் பரிசோதனை) புற்றுநோய்ல சும்மாவே ஏறியிருக்கும். கிரியேட்டினின் (சிறுநீரக அளவு) பார்க்காம காண்ட்ராஸ்ட் ஏத்தாதீங்க, சிஸ்பிளாட்டின் (சிறுநீரகத்தைப் பாதிக்கிற கீமோ மருந்து) வாங்கினவங்கன்னா ரொம்பவே.

கவுண்ட் விழுந்தவரை காலைல முதல் ஆளா ஏத்துங்க, கொரோனா சந்தேகக் கேஸை எல்லாம் கடைசிக்குத் தள்ளுங்க. பழைய பெட்-சி.டி. (புற்றுநோய்க்கு எடுத்த ஸ்கேன்) டிஸ்க்கைக் கொண்டு வரச் சொல்லுங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் உதவாது. பாதி சந்தேகம் பழைய படத்தைப் பக்கத்துல வச்சாலே தீர்ந்துடும்.

வார்டு பார்மசி:

டெக்ஸா கேள்விக்கு: ரெகவரி என்ற கொரோனா மருந்து ஆய்வில் 6 மி.கி. 10 நாள் பலன் தந்தது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு. தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. இவருக்கு டெக்ஸா மட்டும் கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், முகம் தெளியும், அடியில் பூஞ்சையோ நியூமோசிஸ்டிஸோ வளரும். நியூமோசிஸ்டிஸ் வராமலிருக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் தடுப்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். சீட்டில் எழுதியிருப்பது வேறு, விழுங்கியது வேறு.

நியூமோசிஸ்டிஸ் சந்தேகம் வலுவாக இருந்தால் அதே கோட்ரைமாக்சசோல், அதிலுள்ள டிரைமெத்தோபிரிம் கணக்கில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15–20 மி.கி. 60 கிலோவுக்கு டபுள் ஸ்ட்ரென்த் 2 மாத்திரை மூன்று வேளை, நாளொன்றுக்கு டிரைமெத்தோபிரிம் 960 மி.கி. வரும். பொட்டாசியம், கிரியேட்டினின் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பீட்டா-டி-குளுகான் பரிசோதனைக்கு (பூஞ்சைச் சுவரின் பொருளைத் தேடுவது) ரத்தத்தைக் கோவைக்கு அனுப்பலாம். குறைவாக வந்தால் நியூமோசிஸ்டிஸை ஓரளவு ஒதுக்கலாம், ஆனால் இம்யுனோகுளோபுலின், அல்புமின் ஏற்றியிருந்தால் பொய்யாக ஏறும். எல்.டி.எச்.சை (ரத்தத்தில் பார்க்கும் ஒரு நொதி) வைத்து முடிவு செய்யாதீர்கள், லிம்போமாவிலேயே அது உயரும்.

ரிட்டுக்ஸிமாப் பற்றி ஒன்று. இவர்களுக்கு மூக்குச் சாம்பிள் நெகட்டிவாக இருந்து, நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் வைரஸ் இருக்கலாம். வாரக்கணக்கில் காய்ச்சல், நிழல் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைப்பது என்றால் அதை நினையுங்கள். பி.சி.ஆரை 24–48 மணியில் திரும்ப எடுங்கள், அதுவும் நெகட்டிவ் என்றால் பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) பற்றி ஆன்காலஜிஸ்ட்டிடம் பேசுங்கள். பாசிட்டிவ் ஆனால் பாக்ஸ்லோவிட் (கொரோனா மாத்திரை) எழுதுமுன் மருந்துப் பட்டியலைப் பாருங்கள்; அதிலுள்ள ரிட்டோனாவிர், ஆர்-சாப்பில் வரும் வின்கிரிஸ்டினின் நச்சைக் கூட்டும்.

கட்டபெட்டு டூட்டி:

நன்றி. கவுண்ட் எழுதாமல் விட்டது என் தப்பு. நியூட்ரோபில் 300 என்று வைத்துக்கொண்டால் அங்கே வைத்துப் பார்க்காமல் கீழேதான் இறக்க வேண்டும், சரிதானே? 92 பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

தேயிலைத்தூள்:

முதல் டோஸ் ஏறிய பிறகு இறக்குங்க. 92-க்கு வருவோம். 90–93 என்றால் நடுத்தர நோய் என்பது சமவெளிக்கு எழுதின கட்டம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே நல்ல உடம்புக்கே 93–96 காட்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், அங்கே ஆக்சிஜன் அளவு ஊட்டியைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். கூடலூர் 1,000 சொச்சம், அங்கே கிட்டத்தட்ட கீழே மாதிரிதான். அவருடைய பழைய கீமோ சீட்டில் எழுதின அளவு கோவையில் எடுத்தது, அதோட ஒப்பிடாதீங்க. வீட்டில் அதே உயரத்தில் வாழும் மனைவியின் விரலில் மாட்டிப் பாருங்க. அவங்களுக்கு 95, இவருக்கு 92 என்றால் 3 புள்ளி நிஜமாவே குறைஞ்சிருக்கு. 6 நிமிஷம் நடக்க வைத்து இன்னும் 3 இறங்கினால் யோசிக்காதீங்க. குளிரில் விறைச்ச விரல் பொய் சொல்லும், வெந்நீரில் தோய்த்துத் துடைச்சு மாட்டணும்.

மலை இறக்கத்துக்கு பி டைப் சிலிண்டரில் 1,500 லிட்டர். நிமிஷத்துக்கு 5 லிட்டர் என்றால் 5 மணி, 10 என்றால் இரண்டரை மணிதான். மழையில் ரோட்டில் மண் சரிஞ்சு ரெண்டு மணி நேரம் நிற்க வேண்டி வந்தா ஒண்ணு பத்தாது, ரெண்டு ஏத்துங்க. மேட்டுப்பாளையம் வந்ததும் அளவு ரெண்டு மூணு புள்ளி ஏறும். அது காற்று கூடினது, நோய் குறைஞ்சது இல்ல. கூடப் போற சிஸ்டர்கிட்ட இதை முன்னாடியே சொல்லிடுங்க, அவங்க ஃப்ளோவைக் குறைச்சிடக் கூடாது. கோவையில் எழுதிக் கொடுக்கிற சீட்டிலும் எந்த அளவு எந்த ஊரில் எடுத்ததுன்னு எழுதிடுங்க.