கரண்ட் போனதும் சம்ப் வழிந்த அனுபவம்: ரீஃப் தொட்டி வைத்திருப்பவர்கள் பகிருங்கள்

அடையாறு 6 அடி

உப்புநீர்ப் பவளத் தொட்டி 6 × 2½ × 2 அடி, சுமார் 850 லிட்டர். சம்ப், அதாவது தொட்டி நீர் இறங்கி வந்து பம்ப் வழியே மேலே திரும்பும் துணைத் தொட்டி, 120 × 45 செ.மீ. ஓடும்போது சம்பில் 45 லிட்டருக்கு இடம் காலியாக இருக்கும். ஒன்றரை வருடம் எத்தனையோ முறை கரண்ட் போயிருக்கிறது, ஒரு சொட்டு வெளியே வந்ததில்லை. போன வாரம் இரவு 19 லிட்டர் உப்புத்தண்ணீர் ஹாலில்.

நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் 4 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபனாகி மேலிருந்து இழுக்கும். காற்றை இழுத்து அதை முறிக்கத்தான் நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே 6 மி.மீ. துளை போட்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தத் துளைக்குள் ஒரு வெர்மெட்டிட் நத்தை சுண்ணாம்புக் குழல் கட்டி உட்கார்ந்திருக்கிறது. அரிசி மணியை விடச் சின்னது. ஆனால் அதன் குழலால் துளை முழுக்க அடைபட்டிருந்தது.

கணக்கு இதுதான். இந்த அகலத் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் 14 லிட்டர். துளை வேலை செய்தால் 14, நீர் சம்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் நிற்பது 8, மொத்தம் 22. துளை அடைத்ததால் 56 + 8 = 64. சம்ப் தாங்குவது 45. மீதி தரைக்கு.

உங்கள் தொட்டியில் எங்கே தவறியது என்று எழுதுங்கள்.

கோவை உப்புநீர்

துளையை நம்பினால் இப்படித்தான் ஆகும். ரிட்டர்ன் லைனில் ஒரு செக் வால்வு (நீரை ஒரே திசையில் விடுவது) போட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. இங்கே சம்ப் பின்கட்டில், தொட்டி முன்ஹாலில், நடுவே 25 அடி குழாய். 40 மி.மீ. குழாயில் மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நிற்கும், அதுவும் சேர்ந்துதான் இறங்கும். ஸ்விங் வகை செக் வால்வு, இரண்டு பக்கமும் கழற்றி மாட்டும் யூனியன், மூன்று வருடமாகப் பிடித்து நிற்கிறது. ஸ்ப்ரிங் வகை வாங்காதீர்கள், ஓட்டத்தைத் தின்றுவிடும்.

சம்ப் கீழே

கோவை நண்பரே, மன்னிக்கவும், இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. செக் வால்வின் நாக்கில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும். 5 நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தால் மணிக்கு 12 லிட்டர், 4 மணி நேர மின்வெட்டில் 48 லிட்டர். கசிவு மெதுவாக நடப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். உங்களுடையது பிடித்து நிற்பதற்குக் காரணம் அந்த யூனியன்களும், நீங்கள் அதைக் கழற்றி வினிகரில் ஊறப்போடுவதும்தான். அதைச் செய்யாதவருக்கு இந்த யோசனையைச் சொல்லக்கூடாது.

இங்கே நடந்தது நேர்மாறு. கரண்ட் போனபோது ஒன்றும் இல்லை, வந்தபோது வழிந்தது, அதுவும் சம்பிலிருந்து அல்ல, மேல் தொட்டியின் விளிம்பிலிருந்து. நீரைச் சம்புக்கு இறக்கும் மூன்று குழாய் ஓவர்ஃப்ளோவுக்கு மூன்று துளை போட்டுவிட்டு, மூன்றாவது சும்மாதானே இருக்கிறது என்று அதில் ரிட்டர்ன் லைனை ஏற்றியிருந்தது. பம்ப் நின்ற நேரத்தில் ஒரு டர்போ நத்தை முதல் குழாயின் வளைவுக்குள் இறங்கிவிட்டது. இரண்டாவது குழாய் தனியாக மணிக்கு 3,000 லிட்டர் ஓட்டத்தைத் தாங்கவில்லை. கண்ணாடி விளிம்பில் தண்ணீர் உருண்டு திரண்டு நின்று, பிறகு முன்பக்கம் முழுவதும் ஒரு திரை மாதிரி இறங்கியது.

சும்மா இருப்பதுதான் அந்த மூன்றாவது குழாயின் வேலை. முதலாவது முழு சைஃபன், கேட் வால்வு வைத்து நிதானமாகத் திருக வேண்டும். பால் வால்வில் அந்த நுணுக்கம் கிடைக்காது. இரண்டாவதில் சன்னமாக ஒரு இழை ஓடினால் போதும். மூன்றாவது எப்போதும் காய்ந்திருக்க வேண்டும், அதில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். வாய்களுக்கு வலைமூடி போடுங்கள்.

இன்னொன்று: சம்பின் ரிட்டர்ன் அறையில் உள்ள தண்ணீர் மொத்தமும் மேலே போய்விட்டால் தொட்டி தாங்குமா என்று அளந்து பாருங்கள். விளிம்பு வரை 2½ செ.மீ. இடைவெளி என்றால் 35 லிட்டர். ரிட்டர்ன் அறை அதற்கு மேல் பிடித்தால் சம்புக்குள் இருக்கும் தடுப்பை மாற்ற வேண்டும்.

சுண்ணாம்புத் தெளிவு

எங்கள் தொட்டியில் தரை நனையவில்லை, ஆனால் இதே மின்வெட்டுதான் காரணம். ஏடிஓ (ஆவியாகும் நீரைத் தானாக ஈடுகட்டும் கருவி) வாளியில் கால்க் கரைசல், அதாவது சுண்ணாம்பு நீர், வைப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

பம்ப் திரும்ப ஓடும்போது முதல் 2, 3 நிமிடம் ரிட்டர்ன் அறை வற்றும், ஏனென்றால் மேலே நிரம்பிய பிறகுதான் கீழே இறங்கும். அதைப் பார்த்த சென்சார் 'ஆவியாகிவிட்டது' என்று நினைத்து இரண்டரை லிட்டர் தள்ளிவிட்டது. அன்று கரண்ட் ஆறு முறை போய் வந்தது. 15 லிட்டர் தெளிந்த கால்க், 900 லிட்டர் அமைப்பில். காரத்தன்மை கிட்டத்தட்ட 2 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) ஏறி, பிஎச் 8.7-ஐத் தொட்டது. தண்ணீர் அரிசி களைந்த நீர் போல வெளுத்து, ஹீட்டர் மேல் வெள்ளைப் பொருக்கு. மறுநாள் ரிட்டர்ன் பம்பின் இம்பெல்லர் சுற்றவில்லை, கழற்றினால் உள்ளே சுண்ணாம்பு.

இப்படி ஆனால் கால்க்கை உடனே நிறுத்தி, காற்றுக்கல்லை முழு வேகத்தில் விடுங்கள். பிஎச் 9-ஐ நெருங்கினால் மட்டும் வெள்ளை வினிகர், தொட்டி நீர் 4 லிட்டருக்கு 1 மி.லி. வீதம், ஓட்டம் அதிகமுள்ள இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. அது சுமார் 0.3 இறக்கும். காரத்தன்மையை இறக்க அவசரப்பட வேண்டாம், பவளங்களே எடுத்துக்கொள்ளும்.

நிரந்தரத் தீர்வு, ஏடிஓவுக்கு 10 நிமிடத் தாமதம். வாளி 20 லிட்டருக்கு மேல் வேண்டாம். ஆர்ஓ லைனை நேராகச் சம்புக்குக் கொடுப்பவர்கள் இன்றே பிடுங்கிவிடுங்கள், அந்த வாளிக்கு அடியே இல்லை.

மதுரை ரீஃப்

இங்கே 4 லிட்டர்தான் வழிந்தது, ஆனால் அலமாரியின் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் போனது. கரண்ட் வந்ததும் பிளக் முனை பச்சையாகப் பொரிந்து, கருகிய வாடை.

எல்லோரும் லிட்டர் கணக்கு பேசுகிறீர்கள், தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று யாரும் சொல்லவில்லை. பெட்டியைச் சம்புக்கு மேலேயும் வைக்காதீர்கள், கீழேயும் வைக்காதீர்கள். பக்கத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கி வளைந்து மேலேற வேண்டும், அப்போதுதான் வயர் வழியே வரும் நீர் வளைவில் சொட்டிவிடும். தொட்டிக்குத் தனியாக 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்). மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ஆனால் மொத்தத் தொட்டியையும் ஒரே ஆர்சிசிபியில் போட்டால், ஒரு ஹீட்டர் கசிந்தால்கூட எல்லாம் நின்றுவிடும். இரண்டாகப் பிரியுங்கள்.

இன்வர்ட்டரில் எதைப் போடுவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். நீரை அலைய வைக்கும் வேவ்மேக்கர் ஒன்றும் காற்றுக்கல் ஒன்றும் போதும், மீன் சாவது ஆக்சிஜன் குறைந்துதான். நீரைக் குளிர்விக்கும் 'சில்லர்' கருவியை அதில் மாட்டாதீர்கள். ஸ்கொயர்வேவ் இன்வர்ட்டரில் ஏசி பம்ப் உறுமும், சூடேறும், சைன்வேவ் வாங்குங்கள்.

மாடியில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 850 லிட்டர் தொட்டி, கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்ட், சம்ப் எல்லாம் சேர்த்து 1,300 கிலோவுக்குக் குறையாது, அது நிற்பது 1.4 சதுர மீட்டரில். வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தரநிலை எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோதான். உடனே இடிந்து விழும் என்று சொல்லவில்லை, ஆனால் பீம் எங்கே ஓடுகிறது என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் வைக்கக்கூடாது.

அடையாறு சார், அந்த வெர்மெட்டிட் பாறையோடுதான் வந்திருக்கும், இல்லையென்றால் பவளத் துண்டின் அடிக்கல்லில். காய்ந்த பாறையில் தொடங்குங்கள். மன்னார் வளைகுடாப் பாறை என்று யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை.

கோவை உப்புநீர்

'சம்ப் கீழே' நண்பர் சொன்னது சரி, வால்வை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவுவதை எழுதாமல் விட்டது தப்புதான். ஆனாலும் நீளமான லைனுக்கு வால்வு இல்லாமல் முடியாது. துளையும் வேண்டும், வால்வும் வேண்டும்.

அடையாறு 6 அடி

வால்வு போடவில்லை. ரிட்டர்ன் வாயையே மேலே தூக்கி, மேல் விளிம்பு நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே நிற்கும்படி திருப்பியாகிவிட்டது. இனி துளை அடைத்தாலும் வாயே காற்றை இழுத்துக்கொள்ளும். துளையையும் விடவில்லை, பல் குத்தும் குச்சியால் ஞாயிறுதோறும் ஒரு குத்து.

இன்று பம்பை அணைத்து, துளையை விரலால் மூடிக்கொண்டே பார்த்தது. 22 லிட்டர் இறங்கி, சம்ப் விளிம்புக்கு 4 செ.மீ. கீழே நின்றது. ஓடும் மட்டத்தைக் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறது. தண்ணீர் மாற்றும்போது அந்தக் கோட்டுக்கு மேல் ஊற்றுவதில்லை.