புதுப்பிப்பு: மேப்பிள் விதை முளைத்துவிட்டது

"கொழும்பு வெக்கையில் மேப்பிள் முளைக்குமா?" என்று இந்தக் குளிர்நாட்டு மரத்தைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் "விசர் வேலை" என்றீர்கள். "பிரிட்ஜில் வையுங்கோ" என்ற மற்றவர்களுக்கு நன்றி, முளைத்துவிட்டது.

என்னுடையது ஜப்பானிய மேப்பிள். இதன் விதை உறக்கம் (முளைக்காமல் அப்படியே கிடக்கும் நிலை) கலைய 1 முதல் 5 பாகை செல்சியஸ் குளிரில் ஈரமாக 3, 4 மாதம் கிடக்க வேண்டும். நேரே மண்ணில் போட்டால் பெரும்பாலும் அழுகல்தான். ஊறவைத்த விதையைத் தும்புத்தூளோடு பையில் போட்டு மரக்கறித் தட்டில் வைத்தேன். (அம்மா குப்பை என்று எறியப் பார்த்தது வேறு கதை.) தும்புத்தூளைக் கையில் பிழிந்தால் சொட்டக்கூடாது, சொட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

வெள்ளை வேர் தெரிந்ததும் சாடிக்கு மாற்றினேன். முதல் இரண்டு இலையும் நாக்குபோல நீளம். அடுத்த சோடியும் கனடாக் கொடி இலை மாதிரி இல்லை, விளிம்பில் பல் மட்டும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள்!

குளிர்காலமே இல்லாத இங்கே இது மரமாகும் என்று நம்பவில்லை. ஒரு கன்றை நுவரெலியாவிலுள்ள சித்தப்பா வீட்டுக்கு அனுப்புகிறேன். அங்கேயும் மேப்பிளுக்கு ஏற்ற நீண்ட குளிர்காலம் கிடையாது, ஆனாலும் 1,868 மீற்றர் உயரம், குளிரான இடம். வெள்ளவத்தை பல்கனியைவிடப் பரவாயில்லை.