கணக்குக் கேட்பது கீழ்ப்படியாமையா?

பெண்ணையாற்றங்கரை (காவேரிப்பட்டணம் பக்கம்):
எங்கள் கிளைக் கிராமத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்கு ஓட்டுக்கூரை. மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறது. கூரைக்கென்று போன மாங்காய்ப் பருவத்தில் தனியாக வசூல் செய்தோம். எங்கள் தெருவில் தனியாக வாழும் ஒரு பாட்டி, தன் இரண்டு மரத்துக் காயை மண்டியில் போட்டு வந்த 1,500 ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். முடிச்சை அவிழ்க்க அவர் விரல்கள் ஒத்துழைக்கவில்லை; நான்தான் அவிழ்த்து எண்ணினேன். ரசீதில் 'கூரைக்காக' என்று என் கையால் எழுதினேன். பணம் முழுவதையும் பங்குத்தந்தையிடம் ஒப்படைத்தோம். ஐப்பசி மழையிலும் நற்கருணை (ஆண்டவரின் உடலாகிய அப்பம்) வைக்கும் பேழைக்குப் பக்கத்தில் அலுமினியக் குண்டான் வைத்துத்தான் பூசை நடந்தது. தவக்காலத்தில் தாய்ப்பங்கின் (எங்கள் கிளைக் கிராமம் சேர்ந்த தலைமைப் பங்கின்) மண்டபத்துக்குப் புது நாற்காலிகள் வந்து இறங்கின.

கூரைப் பணம் என்னவாயிற்று என்று பங்குப் பேரவையில் கேட்டேன். "மேய்ப்பனிடம் ஆடு கணக்குக் கேட்குமா? இது கீழ்ப்படியாமை" என்றார் பங்குச் சாமியார். அன்று இரவு தூங்கவில்லை. நான் கேட்டது பாவமா?

உபதேசியார் மகன் (தருமபுரி):
கேட்டது பாவம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் எனக்கு உறவினர்கள் உண்டு. மூன்று ஞாயிறாக இளைஞர்கள் பூசைக்கு உள்ளே போகாமல் வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள். சாமியாரின் படத்தைப் போட்டு வாட்ஸ்அப்பில் கண்டபடி எழுதுகிறார்கள். இதுவும் கணக்குக் கேட்பதா?

என் அப்பா, இந்தப் பகுதி சேலம் மறைமாவட்டத்தில் இருந்த காலத்து உபதேசியார். சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். செபம் சொல்லிக்கொடுப்பது முதல் சாவு வீட்டில் மந்திரிப்பது வரை எல்லாம் அப்பாதான். ஒருமுறை அவரைக் காரணமே சொல்லாமல் வேறு ஊருக்கு மாற்றினார்கள். "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்று சொல்லிவிட்டு எங்களை மாட்டுவண்டியில் ஏற்றினார். வழியெல்லாம் ஒரு வார்த்தை குறை பேசவில்லை. அந்தக் கீழ்ப்படிதலில்தான் நான் விசுவாசத்தைக் கற்றேன். "உங்கள் தலைவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள்" என்று எபிரேயர் 13:17 சொல்வதை நமக்கு வசதியான நாளில் மட்டும் வாசிக்க முடியாது.

வேப்பமரத்தடி (கிருஷ்ணகிரி):
அங்கே நிற்பவர்களில் நானும் ஒருவன். கேபா (புனித பேதுரு) தவறியபோது பவுல் நேருக்கு நேர் எதிர்த்தார் என்று கலாத்தியர் 2:11 சொல்கிறது. சியன்னா நகரத்துப் புனித கத்தரீன், உரோமையை விட்டு பிரான்சின் அவிஞ்ஞோனில் இருந்த திருத்தந்தை பதினொன்றாம் கிரகோரிக்கே கண்டித்துக் கடிதம் எழுதினார். 1377-இல் திருத்தந்தை உரோமைக்குத் திரும்பினார். அந்தப் பெண்ணைத் திருச்சபை வெளியே தள்ளவில்லை, 1970-இல் மறைவல்லுநர் (திருச்சபைக்கே போதிக்கும் ஆசிரியர்) என்று அறிவித்தது. பாட்டியின் 1,500 ரூபாய்க்காக நாங்கள் வாய் திறந்தால் மட்டும் கலகமா?

மறைக்கல்வி ஆசிரியை (ஓசூர்):
இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் சண்டை வளர்கிறது.

குருப்பட்டத்தன்று குரு தன் கைகளை ஆயரின் கைகளுக்குள் வைத்து, அவருக்கும் அவருக்குப் பின் வருபவர்களுக்கும் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறார். அது குருக்களுக்குரிய தனிக் கடமை. திருச்சபைச் சட்டம் 273 அதைச் சொல்கிறது. பொதுநிலையினருக்கு உரியது சட்டம் 212. மேய்ப்பர்கள் விசுவாசத்தின் ஆசிரியர்களாகப் போதிப்பதற்கும், திருச்சபையை ஆள்பவர்களாக வகுப்பதற்கும் நாம் கீழ்ப்படிய வேண்டும் என்பது அதன் முதல் பத்தி. தங்கள் தேவைகளை மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்குச் சுதந்திரம் உண்டு என்பது இரண்டாவது. மூன்றாவது இன்னும் அழுத்தமானது: திருச்சபையின் நன்மைக்காகத் தம் கருத்தைத் தெரிவிப்பது உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட, ஆனால் மேய்ப்பர்களுக்குரிய மரியாதை குறையாமல். இந்த மூன்றும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன. முதல் பத்தியோடு சாமியார் நிறுத்திவிட்டார். மூன்றாம் பத்தியின் பின்பாதியை நம் தம்பிகள் விட்டுவிட்டார்கள்.

பணத்துக்கு வருகிறேன். குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம். இது சட்டம் 1267. காணிக்கை கொடுத்த மக்களுக்கு நிர்வாகிகள் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது 1287. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 537. எல்லாம் 1983-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட சட்டத் தொகுப்பு. ஆகவே ஐயா, நீங்கள் கணக்குக் கேட்டது கீழ்ப்படியாமை ஆகாது. சாமியாரும் அதே சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டியவர்.

உபதேசியார் மகன்:
அம்மா, 1287 'மறைமாவட்ட விதிமுறைப்படி' என்ற பொருளில் ஒரு வரம்பையும் வைத்திருக்கிறது. சந்தையில் நின்று கேட்கச் சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் தந்த திருச்சபைக் கோட்பாட்டு விளக்கமும், எண் 37-இல், கருத்துச் சொல்லும் உரிமையைத் தந்த கையோடு மேய்ப்பர்கள் எடுக்கும் முடிவுகளை ஏற்கச் சொல்கிறது. பவுல் கேபாவை எதிர்த்தது கேபாவின் முகத்துக்கு முன்னால். தம்பி, நீங்கள் நிற்பது மரத்தடியில். நற்கருணையை வைத்துப் பேரம் பேசுகிறீர்கள். அது சாமியாருடையதா? ஆண்டவருடையது.

பெண்ணையாற்றங்கரை:
ஐயா, நீங்கள் சொன்ன எபிரேயர் வசனத்தை நேற்று எடுத்து வாசித்தேன். தலைவர்கள் 'கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள்' என்று அதிலேயே இருக்கிறது.

உபதேசியார் மகன்:
அது கடவுளிடம் கொடுக்கும் கணக்கு. ஆன்மாக்களைப் பற்றியது. உண்டியலைப் பற்றியது அல்ல.

மறைக்கல்வி ஆசிரியை:
ஐயா சொல்வது சரி, அந்த வசனத்தைப் பணத்துக்கு இழுக்கக் கூடாது. பணத்துக்கு 2 கொரிந்தியர் 8 இருக்கிறது. எருசலேமுக்குக் கொண்டுபோகும் காணிக்கையைப் பற்றி யாரும் குறை சொல்ல இடம் தரக் கூடாது என்பதில் பவுல் கவனமாக இருந்தார். ஆண்டவர் முன் மட்டுமல்ல, மனிதர் முன்னும் நேர்மையாக நடக்க வேண்டும் என்று எழுதி, திருச்சபைகள் நியமித்த ஒருவரையும் உடன் அனுப்பினார். அவர் திருத்தூதர். அவரே கேள்வி வரும் முன் ஏற்பாடு செய்தார்.

ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பா ஊர்க் காணிக்கைக்குக் கணக்கு எழுதினாரா?

உபதேசியார் மகன்:
எழுதினார். காக்கி அட்டை போட்ட நோட்டு. மெழுகுதிரி, சாம்பிராணி, தேருக்கு எண்ணெய் என்று தனித்தனியாக இருக்கும். சாமியார் வரும் ஞாயிறன்று பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று சத்தமாக வாசிப்பார். சாமியாரும் பக்கத்தில் நின்று கேட்பார். ஒருமுறை நாலணா இடித்தபோது அப்பா தன் பையிலிருந்து போட்டார்.

சரி. கணக்குக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், முதலில் சாமியாரிடம், பதில் இல்லையென்றால் மறைவட்ட முதல்வரிடம் (பக்கத்துப் பங்குகளுக்குப் பொறுப்பான குருவிடம்), அதன் பிறகு ஆயர் இல்லத்துக்கு. ஆனால் மரத்தடியை விட்டு உள்ளே போங்கள். அதில் நான் மாறமாட்டேன்.

வேப்பமரத்தடி:
படங்களை அழித்துவிட்டோம், அது தவறு, ஒப்புக்கொள்கிறேன். உள்ளே வருவதற்கு எனக்கு மட்டும் இன்னும் மனம் வரவில்லை. நற்கருணை வாங்க நாக்கை நீட்டும்போது கோபம்தான் மேலே வருகிறது. கோபத்தோடு வாங்குவது சரியா?

பெண்ணையாற்றங்கரை:
தம்பி, அதை நேரில் பேசுவோம், வீட்டுக்கு வா.

கடிதம் எழுதிவிட்டேன். "பதில் தராவிட்டால்" என்று தொடங்கிய கடைசி வரியை உபதேசியார் மகன் ஐயா சொன்ன பிறகு அடித்துவிட்டேன். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். பாட்டியிடம் கையொப்பம் கேட்டேன், கைநாட்டு வைத்தார். "சாமியைத் திட்டி எழுதவில்லையே?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்று முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் பாட்டியும் நானும் போய்க் கொடுக்கிறோம்.