ஹெவி டூட்டி பிக்கப்புக்கு நெடுநாள் உழைக்கும் ஆல் டெரெய்ன் டயர்: ஒரு குழுவில் பலர் அடுத்தடுத்துப் பகிர்ந்த அனுபவம்

முக்கால் டன், ஒரு டன் வகை பிக்கப் வைத்திருப்பவர்கள் ஆல் டெரெய்ன் (தார் ரோடு, மண் பாதை இரண்டுக்குமான) டயர் மாற்றும்போது முதலில் கேட்பது "எந்த கம்பெனி டயர் ரொம்ப நாள் வரும்?" என்றுதான். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, பின் ஆக்சிலில் எத்தனை கிலோ இறங்குகிறது என்பது. வழக்கமாக ஏற்றும் லோடை ஏற்றுங்கள், டிரெய்லர் இழுப்பவராக இருந்தால் அதையும் மாட்டுங்கள், எடைமேடையில் முன் ஆக்சிலைத் தனியாகவும் பின் ஆக்சிலைத் தனியாகவும் நிறுத்தி எடை பாருங்கள். பின் எடையில் பாதி ஒரு டயருக்கு. கருவிப்பெட்டி, கூடுதல் டீசல் டேங்க் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்க டயருக்குக் கூடுதலாக விழும், அதனால் 15 சதவீதமாவது கையிருப்பு வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பிறகு டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இந்த வகை வண்டிகளில் பரவலாக இருக்கும் அளவு எல்டி275/70 ஆர்18, 125/122. எல்டி என்றால் லைட் டிரக், அதாவது இலகு சரக்கு வண்டி வகை. 125 என்பது ஒற்றை டயராக ஓடும்போது 1650 கிலோ. 122 என்பது பின்னால் இரட்டை டயராக ஓடும்போது ஒன்றுக்கு 1500 கிலோ. இந்த எடையை 80 பிஎஸ்ஐ காற்றில்தான் அது தாங்கும். லோடு ரேஞ்ச் இ என்று இருப்பதும், '10 ப்ளை' என்று கடையில் சொல்வதும் ஒன்றுதான். உள்ளே நிஜமாகவே பத்து அடுக்கு இருக்காது. பக்கவாட்டில் இரண்டு அல்லது மூன்று அடுக்குதான் இருக்கும். பத்து என்பது பலத்தின் பெயர்.

எல்டி என்ற எழுத்து இல்லாத டயர் பெரும்பாலும் கார் வகை. எக்ஸ்எல் (கூடுதல் லோடு) என்று போட்டிருந்தாலும் அது கார் வகைதான், இ ரேஞ்ச் ஆகிவிடாது. அதைப் பிக்கப்பில் போட்டால் தாங்கு எடையை 1.1 ஆல் வகுக்க வேண்டும். 116 எண் கொண்ட டயர் 1250 கிலோ தாங்கும் என்றால், பிக்கப்பில் அதன் கணக்கு 1136 கிலோதான். பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டிகள்) பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரே பெயரில் கார் வகையும் எல்டி வகையும் விற்கும்போது, உத்தரவாத மைலேஜும் இரண்டுக்கும் வேறு வேறு. டோயோ ஓப்பன் கண்ட்ரி ஏ/டி 3-க்கு வட அமெரிக்காவில் கார் வகைக்கு 65,000 மைல், எல்டி வகைக்கு 50,000 மைல். அதாவது சுமார் 1,05,000 கிமீ, 80,000 கிமீ. விளம்பரத்தில் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு எல்டி டயர் வாங்கினால் கணக்கு தப்பும்.

கார் டயரில் இருக்கும் ட்ரெட்வேர் (தேய்மானத் தர) எண்ணைத் தேடவும் வேண்டாம். அந்தத் தர முறை எல்டி டயருக்குப் பொருந்தாது, அதனால் அச்சிட்டிருக்க மாட்டார்கள். கையில் இருக்கும் அளவுகோல் இரண்டு: உத்தரவாத மைலேஜ், புதிதில் பட்டன் ஆழம். உத்தரவாதம் கேட்கப் போனால் டயர்களை இடம் மாற்றிய தேதி, கிலோமீட்டர் பதிவு இல்லாமல் பெரும்பாலும் நடக்காது. ரசீதுகளை வண்டியிலேயே வையுங்கள்.

* * *

பட்டன் ஆழம் கூட இருந்தால் ஆயுளும் கூடும் என்பது பாதிதான் உண்மை. எல்டி ஆல் டெரெய்ன் டயர்கள் புதிதில் 12 முதல் 14 மிமீ ஆழம் இருக்கும். பிஎஃப் குட்ரிச் கேஓ2 ஒரு அங்குலத்தில் 32-இல் 15 பங்கு, அதாவது ஏறத்தாழ 12 மிமீ. உயரமான பட்டன் லோடில் நெளியும். நெளிந்தால் சூடாகும், தரையோடு உரசி விளிம்பு தேயும். அதனால்தான் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் வேகமாகத் தேய்ந்து, பட்டன் குட்டையானதும் தேய்மானம் நிதானமாகிறது.

வாரம் முழுக்க தார் ரோட்டில் டிரெய்லர் இழுத்து, எப்போதாவது மண் பாதையில் இறங்கும் வண்டிக்கு இடைவெளி குறைந்த, நடுவில் பட்டன்கள் ஒன்றோடொன்று பாலம் போல் இணைந்த டயர்தான் நீடிக்கும். அந்த இணைப்பு, டீசல் எஞ்சின் தரும் முறுக்கில் பட்டன் பின்னோக்கி மடங்காமல் பிடிக்கிறது. தனித்தனியாக நிற்கும் பெரிய பட்டன், அகலமான பள்ளம் கொண்ட டயரை இப்படி ஓட்டினால் பின் சக்கரத்தில் ஒவ்வொரு பட்டனும் ஒரு முனையில் உயர்ந்தும் மறுமுனையில் தாழ்ந்தும் தேயும். கையால் ஒரு திசையில் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் ரம்பம் போல் தட்டும். இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

ஜல்லி, கூர்கல் பாதையில் தினம் ஓடும் வண்டிக்கு இதற்கு நேர் எதிர். அங்கே டயரைக் கொல்வது தேய்மானம் இல்லை. பட்டன் ஓரம் துண்டு துண்டாகப் பிய்வதும் பக்கவாட்டுக் கிழிசலும்தான். மூன்று அடுக்குப் பக்கவாட்டு, பள்ளத்தின் அடியில் கல் தள்ளும் சிறு மேடுகள், தோள் பகுதியில் கனமான ரப்பர்: இவை இருக்கிறதா பாருங்கள். வெட்டு தாங்கும் கெட்டி ரப்பர் ஈர ரோட்டில் பிடி கொஞ்சம் குறையும். இரண்டும் ஒருசேர முழு அளவில் தரும் டயர் கிடையாது, உங்கள் வண்டி எங்கே அதிகம் ஓடுகிறதோ அதற்கு விட்டுக்கொடுங்கள்.

கடையில் பட்டனுக்குள் இருக்கும் மெல்லிய வெட்டுக் கோடுகளையும் உற்றுப் பாருங்கள். சில டயர்களில் அவை மேலோடு நின்றுவிடும். பாதி தேய்ந்ததும் கோடு மறைந்து, ஆழம் மீதி இருந்தும் மழையில் வழுக்கும். அடிவரை இறங்கும் கோடு உள்ள டயர்தான் கடைசி வரை பயன்படும்.

* * *

பனியில் ஓட்டுபவர்களுக்கு: எம்+எஸ் (சேறு, பனி) எழுத்து பட்டன் வடிவத்தை வைத்துப் போடுவது, பனியில் சோதித்ததற்கு அடையாளம் இல்லை. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் குறி இருந்தால்தான் சோதனையில் தேறிய டயர். அந்தச் சோதனையும் பெரும்பாலும் பனியில் இழுவையைத்தான் அளக்கிறது. திருப்பத்தை அளப்பதில்லை.

* * *

அளவு பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. 35 அங்குல உயர டயர் போட வேண்டும் என்ற ஆசையில்தான் லோடு கணக்கு அதிகம் உடைகிறது.

35×12.50 ஆர்18 இ ரேஞ்ச் டயர்கள் பலவற்றில் எண் 123, உச்சக் காற்று 65 பிஎஸ்ஐ. அதாவது 1550 கிலோ. கம்பெனி அளவான 275/70 ஆர்18 தாங்குவது 1650. பெரிய டயர், தாங்குவது குறைவு! அதே உயரம் வேண்டுமென்றால் எல்டி285/75 ஆர்18 பாருங்கள். உயரம் 885 மிமீ, கிட்டத்தட்ட 35 அங்குலம். எண் 129/126, 80 பிஎஸ்ஐ-இல் 1850 கிலோ. அகலம் குறைவு என்பதால் ரிம்முக்கும் ஒத்துவரும். 12.50 அகல டயருக்குக் குறைந்தது 8.5 அங்குல ரிம் வேண்டும். கம்பெனி ரிம் 8 அங்குலமாக இருந்தால் மாட்டக் கூடாது. மாட்டினால் நடுப்பகுதி புடைத்து அங்கே மட்டும் தேயும்.

275/70 ஆர்18-இன் உயரம் 842 மிமீ. 35 அங்குலத்துக்குப் போனால் 5 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. மீட்டர் 100 காட்டும்போது நிஜ வேகம் 105-ஐத் தாண்டும். ஆக்சில் கியர் விகிதம் 3.73 என்றால் 3.53 போல் நடந்துகொள்ளும். மேட்டில் லோடோடு ஏறும்போது கியர் மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். ஒரு டயரின் எடையும் 25 கிலோவிலிருந்து 32, 34 கிலோவுக்குப் போகிறது. பிரேக்கும் பால் ஜாயின்ட்டும் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) அதைச் சுமக்கின்றன. ஆயுள்தான் முக்கியம் என்றால் கம்பெனி அளவிலேயே இருப்பது என் கட்சி.

* * *

மேலே அளவு பற்றி எழுதிய அண்ணன் சொன்னது சரி. ஆனால் நல்ல அளவில் நல்ல டயர் போட்டும் சீக்கிரம் மொட்டையாவதற்குப் பெரிய காரணம் காற்றுதான். அதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கும் அழுத்தம் முழு லோடுக்கு, அதுவும் கம்பெனி அளவு டயருக்கு. பின்னால் 80 பிஎஸ்ஐ என்று அதில் இருக்கிறதென்று காலி வண்டியையும் அதே காற்றில் மாதக்கணக்கில் ஓட்டினால் பின் டயர் நடுவில் மட்டும் தேயும். காலி வண்டியின் பின் ஆக்சில் 1300 கிலோ என்று வையுங்கள். டயருக்கு 650. இந்த 275/70 ஆர்18 டயர் 40 பிஎஸ்ஐ-இலேயே தன் உச்சத்தில் 60 சதவீதம், ஏறத்தாழ 1000 கிலோ தாங்கும். ஆகவே காலியாக ஓடும்போது பின்னால் 45 முதல் 50 போதும். முன்பக்கம் அப்படி இல்லை. டீசல் எஞ்சின் எடை எப்போதும் அங்கேயே உட்கார்ந்திருப்பதால் முன் டயர் காற்றைக் காலி வண்டி என்று குறைக்க இடம் குறைவு. குறைத்தால் இரண்டு தோளும் தேயும்.

டயர் தயாரிப்பாளர் வெளியிடும் லோடு அட்டவணையில் உங்கள் அளவுக்கு, உங்கள் ஆக்சில் எடைக்கு வரும் அழுத்தம்தான் அடிமட்டம். அதற்குக் கீழே போகவே கூடாது. அதற்கு மேல் எவ்வளவு என்பதை சாக்பீஸ் கோட்டால் பார்க்கலாம்: பட்டன் மேல் குறுக்காகத் தடிமனாக ஒரு கோடு போடுங்கள், சமமான காய்ந்த ரோட்டில் நேராக 50 மீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூடுதல், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. கோடு நன்றாக அழிகிறதே என்று அட்டவணைக்குக் கீழே இறங்கிவிடாதீர்கள். கெட்டியான பக்கவாட்டு உள்ள இ ரேஞ்ச் டயர் குறைந்த காற்றிலும் தட்டையாகத் தரையில் படும்; உள்ளே சூடாவது கோட்டில் தெரியாது.

லோடு ஏற்றும் நாளில் ஏற்றுவதற்கு முன்பே காற்றை ஏற்றிவிடுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அளக்க வேண்டும். 80 பிஎஸ்ஐ டயரில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ மாறும். ஓடிய பின் அளந்துவிட்டு "கூடிவிட்டதே" என்று காற்றை இறக்குவது பெரிய தவறு. ஆறிய பிறகு அது லோடுக்குப் போதாத காற்றாகிவிடும்.

மணலில் காலி வண்டிக்கு 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்கலாம், மெதுவாகவும் கூர்மையாகத் திருப்பாமலும் ஓட்டினால். தார் ரோடு ஏறும் இடத்திலேயே திரும்ப அடைக்க வேண்டும். கம்ப்ரஸர் கொண்டு போகாதவர்கள் காற்றை இறக்கவே வேண்டாம்.

* * *

பின்னால் இரட்டை டயர் ஓட்டுபவர்கள்: ஜோடி டயர்களின் உயரம் 6 மிமீ-க்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. உயரமான டயர் லோடை வாங்கிக்கொள்ளும், குட்டையானது இழுபட்டுத் தேயும். உள் டயருக்கு நீட்டு வால்வு போட்டுவிடுங்கள், கை எட்டவில்லை என்று காற்றே பார்க்காமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஜல்லிப் பாதை முடிந்ததும் இரண்டுக்கும் நடுவில் கல் சிக்கியிருக்கிறதா பாருங்கள். அகலமான ஆல் டெரெய்ன் போட்டால் லோடில் பக்கவாட்டுகள் ஒன்றையொன்று உரசும். அந்த ஆசை வேண்டாம்.

* * *

மாட்டும் இடத்தில் கவனிக்க வேண்டியவை. சாதாரண கார் ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ-க்கு மட்டுமே. 80 அடைக்கும் சக்கரத்தில் நட்டு வைத்து இறுக்கும் உலோக வால்வு கேளுங்கள். வெளி ரிம் வாங்கினால் அதன் பின்பக்கம் பொறித்திருக்கும் தாங்கு எடை டயருடையதற்குக் குறையக் கூடாது. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும். 90, 100 வேகத்தில் ஸ்டீயரிங் ஆடினால் ரிம்மில் பேலன்ஸ் எடை ஒட்டிக்கொண்டே போகாமல், டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நட்டை டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு இறுக்கி, முதல் 80 முதல் 150 கிமீ-க்குள் மறுபடி சரிபாருங்கள்.

தயாரிப்புத் தேதியும் அங்கேயே பாருங்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு எண்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

* * *

தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தால் டயர் போகும் முன்பே காரணம் பிடிபடும். முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து, பட்டன் விளிம்பு குறுக்குவாக்கில் இறகு போல் கூர்மையானால் டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) தவறியிருக்கிறது. அங்கங்கே குழி விழுந்தால் ஷாக் அப்சார்பர், பால் ஜாயின்ட், அல்லது பேலன்ஸ். முன்னால் இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டான சாலிட் ஆக்சில் உள்ள வண்டிகளில் அலைன்மென்ட் மேடையில் டோ மட்டும் எளிதாக மாறும்; கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் அளவு) மாற்ற வேறு புஷ் போட வேண்டும். எனவே "அலைன்மென்ட் செய்தாயிற்று" என்ற சொல்லோடு விடாமல் அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.

8,000 கிமீ-க்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். பின் டயர்கள் அதே பக்கம் முன்னால், முன் டயர்கள் குறுக்காகப் பின்னால். மாற்றியதும் அந்தந்த இடத்துக்கான காற்றைத் திருத்த மறக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஆழமானியால் உள், நடு, வெளி என மூன்று இடம் அளந்து எழுதுங்கள். 12.7 மிமீ டயர் 10,000 கிமீ-இல் 11.1 ஆனால் 1.6 போயிருக்கிறது. 3.2 மிமீ-இல் கழற்றுவதாக வைத்தால் பயன்படும் ஆழம் 9.5, மொத்தம் சுமார் 59,000 கிமீ. அடுத்த அளவில் இந்தக் கணக்கு மோசமானால் காற்றையோ அலைன்மென்டையோ பாருங்கள். சட்ட வரம்பு பல இடங்களில் 1.6 மிமீ என்றாலும், கனமான வண்டி ஈர ரோட்டில் 3.2-க்குக் கீழே நிற்க ரொம்ப தூரம் எடுக்கும்.

* * *

ஸ்டெப்னியை விட்டுவிட்டீர்கள். நான்கு டயரையும் அளவு மாற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டால், ஃபோர் வீல் போட்ட நேரத்தில் அதைப் பயன்படுத்த முடியாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். ஐந்தும் ஒரே மாடலாக வாங்கி, இடமாற்றத்தில் ஐந்தாவதையும் சேர்த்துக்கொண்டால் ஐந்தும் ஒன்றாகத் தேயும், ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஓய்வில் இருக்கும். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியை எப்போதும் 80-இல் வையுங்கள். தேவைப்பட்டால் இறக்கிக்கொள்ளலாம், நடுப்பாதையில் ஏற்றுவதுதான் கடினம். தொங்கவிடும் கேபிளை வருடத்துக்கு ஒருமுறையாவது முழுக்க இறக்கி எண்ணெய் போடாவிட்டால், தேவைப்படும் நாளில் துருப்பிடித்து இறங்காது.