முதல் தொப்பிக்கு அவசரம் வேண்டாம்: ரக்பி ஆடும் பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

பள்ளியிலோ கிளப்பிலோ ரக்பி ஆடத் தொடங்கி, வயதுப் பிரிவு அணித் தேர்வு வரை போயிருக்கும் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். தேசிய அணிக்கு ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் ரக்பியில் ஒரு ‘தொப்பி’ என்று எண்ணுவார்கள். 18 வயதில் முதல் தொப்பி வாங்குவது பெரிய பெருமைதான். ஆனால் அதை எந்த நாட்டுக்காக, எந்த உடல்நிலையில், என்ன ஒப்பந்தத்தோடு வாங்குகிறாள் என்பதுதான் பின்னால் வரும் ஆண்டுகளை முடிவுசெய்கிறது.

முதலில் நாடு. ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். உலக ரக்பி அமைப்பின் 8ஆம் ஒழுங்குவிதிப்படி, பிள்ளை அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அல்லது பெற்றோரிலோ தாத்தா பாட்டியிலோ ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது ஆடுவதற்கு முன் தொடர்ந்து 60 மாதங்கள் அந்த நாட்டு ரக்பிச் சங்கத்தில் மட்டுமே பதிவுபெற்றிருக்க வேண்டும். விட்டுவிட்டு மொத்தம் 10 ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும் தகுதி உண்டு. குடியுரிமையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தாத்தா பாட்டியின் பிறப்புச் சான்றிதழை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்; தேர்வுக்கு அழைப்பு வந்தபிறகு தேடினால் நேரம் போதாது.

ஒருமுறை மூத்தோர் தேசிய அணிக்கு ஆடிவிட்டால் அந்த நாட்டோடு கட்டுண்டது போலத்தான். பலர் கவனிக்காத இடம், இரண்டாம் நிலை தேசிய அணி. அதைக் ‘கட்டும் அணி’யாக அந்நாட்டு ரக்பிச் சங்கம் அறிவித்திருந்தால் அங்கே ஆடுவதும் கட்டும். ஏழுபேர் ஆட்டமான செவன்ஸும் வயது நிபந்தனைகளோடு கட்டும். 2022 முதல் ஒரேயொரு முறை நாடு மாறலாம். அதற்குப் பழைய நாட்டுக்கு ஆடிய கடைசி ஆட்டத்திலிருந்து மூன்று ஆண்டுகள் எந்தத் தேசிய அணிக்கும் ஆடாமல் இருக்க வேண்டும். மாறும் நாட்டில் அவளோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்திருக்க வேண்டும். 20 வயதில் மூன்று ஆண்டு என்பது ஒரு வீராங்கனைக்குச் சின்ன விலை அல்ல. ஆகவே அழைப்பு வந்ததும் “இந்த ஆட்டம் கட்டுமா?” என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

வயது பிந்திவிட்டதே என்ற கவலை வேண்டாம். நியூசிலாந்து ரக்பி வீராங்கனை போர்ஷியா வுட்மன், கையால் பந்தெறிந்து ஆடும் நெட்பாலிலிருந்து வந்தவர். அமெரிக்காவின் இலோனா மேஹர் 17 வயதில்தான் ரக்பியைத் தொட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தார். வேகமும் பந்தைப் பிடிக்கும் கையும் வேறு ஆட்டத்திலிருந்தும் வரும். பிந்தி வருகிறவளுக்கு இல்லாதது டேக்கிள், அதாவது பந்தோடு ஓடிவரும் எதிராளியைப் பிடித்து வீழ்த்துவது. அதைத்தான் பொறுமையாகக் கற்க வேண்டும்.

டேக்கிளில் தவறு பெரும்பாலும் காலில் தொடங்குகிறது. எதிராளியிடமிருந்து ஒரு அடி தள்ளியே கால் நின்றுவிட்டால் கை எட்டிப் பிடிக்கப் போகும், உடல் நீளும், தலை தாழ்ந்து எதிராளியின் முழங்கால் முன்னால் போய் விழும். இன்னும் அரை அடி எடுத்துவைத்து, முன்கால் எதிராளியின் காலருகே ஊன்றி, தோள் படவேண்டும். தலை எதிராளியின் பின்பக்கம், கன்னம் அவள் இடுப்போடு ஒட்டி, கண் திறந்து. ஒரு பக்கத் தோளில் மட்டும் நன்றாகச் செய்பவளைப் பெரிய அணிகள் வீடியோவில் கண்டுபிடித்து, மற்றப் பக்கமே ஓடிவரும். பலவீனமான தோளில் இரண்டு மடங்கு பயிற்சி கொடுங்கள், முதலில் நடைவேகத்தில்.

விழுவதும் ஒரு பயிற்சி. பெண்கள் ஆட்டத்தில் தலை தரையில் மோதுவது கூடுதலாகக் காணப்படுகிறது. பலர் சிறுவயதில் விழுந்து புரண்டு ஆடாததும், கழுத்து வலு குறைவாக இருப்பதும் காரணங்கள். தாடையை மார்போடு சேர்த்துப் பக்கவாட்டில் விழப் பழக்க வேண்டும். கழுத்துக்கு: கையால் தலையை எதிர்த்துத் தள்ளி, நான்கு திசையிலும் 10 நொடி, ஐந்து முறை, வாரம் மூன்று நாள். வலி வந்தால் நிறுத்துங்கள்.

மூளை அதிர்ச்சி விஷயத்தில் தொலைக்காட்சியைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். சர்வதேச ஆட்டத்தில் சந்தேகம் வந்தால் வெளியே அழைத்து 12 நிமிடம் சோதிப்பார்கள்; பல்காப்பில் அதிர்வை அளக்கும் சில்லு இருக்கும். அங்கே தனி மருத்துவக் கண்காணிப்பு உண்டு என்பதால் இரண்டு வாரத்துக்குள்கூடச் சிலர் திரும்புகிறார்கள். பள்ளி, கிளப் மட்டத்தில் குறைந்தது 21 நாள் ஆடக்கூடாது. தேர்வு நாள் அதற்குள் வந்தாலும் அனுப்பாதீர்கள். தேர்வு மறுபடி வரும்.

முழங்கால் மூட்டை உள்ளே பிடித்து நிறுத்தும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். கிழிந்தால் 9 முதல் 12 மாதம் போய்விடும். பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது முழங்கால் நிமிர்ந்தபடி உள்ளே மடங்குவதுதான் ஆபத்து. உலக ரக்பியின் ‘ஆக்டிவேட்’ தயார்ப் பயிற்சி சுமார் 20 நிமிடம். வாரம் மூன்று முறை செய்யும் அணிகளுக்குத்தான் முழுப்பலன்.

சாப்பாட்டைக் குறைத்து ஓட்டம் கூட்டும் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நிற்கும். “கடும்பயிற்சி, அப்படித்தான்” என்று விடக்கூடாது. மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரிடம் போய், இரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது) அளவையும் பாருங்கள். உணவு போதாமல் எலும்பு விரிசல் வந்து, ஒரு பருவமே போய்விடும். புரதம் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமுக்குக் குறையக்கூடாது. செவன்ஸில் ஆட்டம் 14 நிமிடம்தான், ஆனால் இரண்டு மூன்று நாளில் ஐந்தாறு ஆட்டம் வரும். ஒவ்வொன்றும் முடிந்த அரைமணிக்குள் மாவுச்சத்து உள்ளே போகாவிட்டால் கடைசி நாளில் கால் ஓடாது.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். பெண்கள் ரக்பியில் பணம் போட்டிச் சுற்றைப் பின்தொடர்ந்து வரும், போகும். இங்கிலாந்தில் 2017 உலகக் கோப்பையோடு பதினைந்துபேர் அணியின் ஒப்பந்தங்களை நீட்டிக்கவில்லை. 2019 ஜனவரியில் 28 பேருக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தார்கள். 2020இல் செவன்ஸ் ஒப்பந்தங்கள் நின்றன. அதே நாட்டுப் பதினைந்துபேர் அணிதான் 2025 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 81,885 பேர் முன்னிலையில் கனடாவை 33-13 என வென்றது. இங்கிலாந்து வீராங்கனை எமிலி ஸ்கேரட் 2008இல் 18 வயதில் தொடங்கி, இந்த ஏற்ற இறக்கங்கள் அனைத்தையும் கடந்து 2025 வரை ஆடினார்.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: காயம்பட்டால் எத்தனை மாதம் சம்பளம்? அறுவை சிகிச்சையும் அதற்குப் பின்னான உடற்பயிற்சி மருத்துவமும் யார் செலவு? கர்ப்பமானால் என்ன ஏற்பாடு? படிப்புத் தேர்வு நாளில் விடுப்பு உண்டா? ஒப்பந்தம் உலகக் கோப்பைக்கோ ஒலிம்பிக்குக்கோ அடுத்த மாதமே முடிவதாக இருந்தால், அதற்கு முந்தைய ஆண்டிலேயே பிள்ளையை ஒரு பகுதிநேரப் படிப்பில் சேர்த்துவிடுங்கள்.